வேனை முந்தி ஓடியவள்

ஓடுகிற வேனின் தகரத்தை முப்பது பெண்கள் உள்ளங்கையால் ஒரே நேரத்தில் அடித்தால் வருகிற சத்தம் காதோடு நிற்காது. அம்மாவின் மடியில் உட்கார்ந்து முதுகைத் தகரத்தில் சாய்த்திருந்த எனக்கு அது முதுகெலும்பு வழியாக ஏறி வந்து பல்லில் கூசும். பொழுது அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் வேலிக்கருவை. ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், மகேஸ்வரி அக்காவின் தோள்பட்டை மேலும் கீழும் ஆடியபடி வேனோடு சேர்ந்தே வரும். "ஓடு தாயி, ஓடு, விட்றாத" என்று முப்பது தொண்டைகளும் கத்த, டிரைவர் அண்ணாச்சி ஹாரனை அமுக்கிப் பிடிக்க, ஓடைப் பாலம் வரைக்கும் ஒன்றரை கிலோமீட்டருக்கு அந்தக் கூத்து தினமும் நடக்கும்.

எங்கள் ஊர் ஆனைக்குட்டம் அணையிலிருந்து இரண்டு கல் தொலைவு. அரசாங்கத்தின் இலவச டிவி எங்கள் தெருவுக்கு வந்து சேராத காலம் அது. எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளை அம்மா மடியில் உட்கார்ந்தாளா என்று நீங்கள் சிரிக்கலாம். நான் அப்படியொரு நோஞ்சான். அம்மா பட்டாசுக் கம்பெனியில் "சரம் பின்னுகிறவள்", அப்பா அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். விடியற்காலையில் என்னைத் தனியாக வீட்டில் விட்டுப் போக அம்மாவுக்குப் பயம். அதனால் வேனிலேயே கூட்டிப்போய்ப் பாலத்துக்கு அடுத்த ஊரில் சித்தி வீட்டில் இறக்கிவிடுவாள். அங்கிருந்துதான் எனக்குப் பள்ளிக்கூடம். எங்கள் சனத்துக்குத் தெரிந்த ஓட்டம் ஒன்றே ஒன்றுதான். கம்பெனிக்குள் எங்கேயாவது "டப்" என்று கேட்டால் செருப்பைக்கூடத் தேடாமல் கேட்டைப் பார்த்து ஓடுகிற ஓட்டம் அது. ஓடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தியை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

மகேஸ்வரி அக்காவின் கூடப்பிறந்த அக்காளை எங்கள் அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தங்கச்சியான இவள் ஐயாயிரம் மீட்டரும் பத்தாயிரம் மீட்டரும் ஓடுகிறவள். வெளியூரில் விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஆபீசில் என்ன வேலை என்று வேன் ஸ்டாப்பில் அம்மா கேட்டபோது, "ஆபீசுக்காக ஓடுறதுதான்க்கா வேலை" என்றாள். அதற்கு அம்மா, "நல்ல கூத்தா இருக்கே. எங்களுக்கு மூச்சு வாங்குனா சூப்பர்வைசர் வையுறான், உனக்கு மூச்சு வாங்குறதுக்குச் சம்பளமாக்கும்" என்று சொல்ல, ஸ்டாப்பே சிரித்தது. ஆனால் அந்த வேலை அவளுக்கு இன்னும் நிரந்தரமாகவில்லை. காலில் அடிபட்டதில் பயிற்சி முகாமைத் தவறவிட்டு, அக்காள் வீட்டில் தங்கித் தானே ஓடிப் பழக வந்திருந்தாள். தேசியப் போட்டிக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. அதில் பதக்கம் வாங்கினால் வேலை நிற்கும், இல்லாவிட்டால் ஊரைப் பார்க்கப் போகவேண்டியதுதான். இதை அவள் ஒளிக்கவில்லை. காலை நீட்டித் தார்ரோட்டில் உட்கார்ந்து தசையை இழுத்துவிட்டுக்கொண்டே, "இதான்க்கா எனக்குக் கடைசி வண்டி" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அவள் எங்களோடு பழகிய விதம் இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அணைக்கரையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, வேன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சரியாக ஸ்டாப்புக்கு வந்துவிடுவாள். பொம்பளைகள் ஆளாளுக்கு அவள் ஆடுசதையை அமுக்கிப் பார்ப்பார்கள். "ஆத்தி, ஒணக்க வெறகால்ல இருக்கு" என்பாள் ஒருத்தி. ஷூவைக் கழற்றச் சொல்லி எடை பார்ப்பாள் இன்னொருத்தி. தூக்குச்சட்டியிலிருந்து கம்பங்கூழோ அவித்த கடலையோ எடுத்து நீட்டினால், "வேண்டாம்"கிற சொல் அவள் வாயில் வராது. வியர்வை வழிய வழிய வாங்கித் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே வடக்கே ஊர்களில் ரொட்டி தின்று நாக்கு செத்த கதையைச் சொல்வாள்.

ஒரு நாள் நான் என் நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் யாரோ கிரிக்கெட்காரன் கையெழுத்து வைத்திருப்பதாகப் பீற்றிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒன்று வேண்டும் என்கிற ஆசை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். "என்னைய ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டதில்ல பாப்பா" என்றாள். பிறகு பரீட்சை எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தித் தன் பெயரைத் தமிழில் எழுதிக் கடைசியில் ஒரு புள்ளியும் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு முப்பது பேருக்கும் கையெழுத்து வேண்டும் என்றாகிவிட்டது. அச்சாபீசில் கழித்துப் போட்ட லேபிள் தாள் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கிடக்கும். அதன் வெள்ளைப் பக்கத்தில் வாங்கிக்கொண்டார்கள். சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்கிறவர்களெல்லாம் அவள் கையெழுத்தை மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தார்கள்.

வேனோடு ஓடுவது முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கியது. குண்டும் குழியுமான ரோடு, முப்பது பேர் பாரம். வேன் ஒன்றும் பறக்காது. அவள் ஒரு நாள் சும்மா கூடவே ஓடி, பாலத்தில் வேனை முந்திக் கையை உயர்த்திக் காட்டினாள். அதற்கப்புறம் அது தினசரி ஆகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அவள் அக்காள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று ஒரு நாள் வரவில்லை. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் ஒரு அறையில் தீப்பிடித்து இரண்டு பேருக்குக் கை வெந்தது. போதாதா எங்கள் ஊருக்கு? "அவ வேனை முந்துனா அன்னைக்குத் தீ இல்ல" என்று அன்று சாயங்காலமே வாய்க்கு வாய் பேச்சாகிவிட்டது. இதைப் படித்துவிட்டு எங்களைக் கிறுக்கு என்று சொல்லுகிறவர்கள், காலையில் பிள்ளைக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு வெடியறைக்குள் போய் உட்காருகிற வேலையை ஒரே ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். எதையாவது பிடித்துக்கொண்டுதான் அந்த வாசல்படியைத் தாண்ட முடியும். சிலர் திருநீற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வேன் மகேஸ்வரி அக்காவைப் பிடித்துக்கொண்டது.

அவளிடம் இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தார்கள். ஆனால் எங்கள் பொம்பளைகள் வாயில் எது தங்கும்? கேட்டதும் அவள் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஓட்டக்காரர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமாம். அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு கம்பெனி நடக்கிற ஒரு நாள்கூட அவள் ஓய்வெடுக்கவில்லை. ஒரு தடவை நொண்டிக்கொண்டே வந்து ஓடினாள். டிரைவர் அண்ணாச்சி வண்டியை உருட்டுகிற வேகத்தில் ஓட்டி அவளை முந்தவிட்டார். அது ஜெயித்ததாகச் சேருமா சேராதா என்று வேனுக்குள் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. அந்தப் பெண்ணின் கால் என்ன ஆகும் என்று கேட்க அந்த வேனில் ஒரு நாதி இல்லை, நானும் கேட்கவில்லை.

இனி என் "இழுப்பைப்" பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் பாதி வீட்டில் அந்த இழுப்பு உண்டு. கம்பெனித் தூசியை உடுத்திய சேலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். போதாததற்குச் சீசன் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகள் காகிதக் குழாய் உருட்டுவோம். எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் விலா எலும்பெல்லாம் தனித்தனியாகத் தெரியும். அதற்கு எங்கள் ஊரில் ஒரே வழி கம்பவுண்டர். எப்போதோ விருதுநகரில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர். அவர் பெயரே யாருக்கும் தெரியாது. நாலு விதமான மாத்திரையை நுணுக்கி, லேபிள் தாளில் மடித்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கொடுப்பார். தின்ற கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறந்துகொள்ளும். அகோரப் பசி எடுக்கும். தொடர்ந்து தின்றதில் என் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. உடம்பு குச்சியாகவே இருந்தது. "புள்ள மொகத்துல தெளிச்சி வந்துருச்சு" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மகேஸ்வரி அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. காலம் தவறிப் பெய்த மழையில் நனைந்து ஓடியதுதான் காரணம் என்றார்கள். முதல் நாள் பாதி வழியில் நின்றுவிட்டாள். அடுத்த நாள் ஸ்டாப்புக்கே வரவில்லை. பாலம் வரைக்கும் டிரைவர் அண்ணாச்சி ஹாரனைத் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் அவள் வராமல் இருக்க, அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் இருந்த எங்களுக்கே கேட்கிற மாதிரி ஒரு வெடி. வேறு திசையில், வேறு கம்பெனி. அங்கே எத்தனை பேர் போனார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. எங்கள் பொம்பளைகள் அன்று மாலை சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "இன்னைக்கு அவுகளுக்கு வந்துச்சு, நாளைக்கு நமக்கு வரும். அந்தப் புள்ள எந்திரிச்சு ஓடணும்."

மகேஸ்வரி அக்கா மேல் அம்மாவுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெற்ற பிள்ளைக்குச் செய்கிற மாதிரித்தான் செய்தாள். அந்த வாரத்துக்கு எனக்கென்று வாங்கி வைத்திருந்த ஐந்து பொட்டலங்களையும் எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே குடு. நீ குடுத்தா மறுக்க மாட்டா" என்றாள். மறுநாள் காலையில் ஸ்டாப்பில் அக்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். ஓட வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். மூச்சு விடும்போது அவள் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிக் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். நான் கிட்டப் போய்ப் பொட்டலங்களை நீட்டினேன்.

"என்ன மாத்திர பாப்பா இது?"

"இழுப்புக்குக்கா. ஒண்ணும் செய்யாது. நானே திங்கேன்."

அவள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளையும் மஞ்சளுமாகத் தூள். "நாங்க கண்டதையும் திங்கக் கூடாது பாப்பா. எங்களுக்கு டெஸ்ட்டெல்லாம் உண்டு" என்றாள், எங்கள் மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்கிற தயக்கத்தோடு. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "பெத்த புள்ளைக்குக் குடுக்குறதத்தான் தாயி உனக்கும் குடுக்கேன். வெசமா குடுப்பேன்? இதுல என்ன டெஸ்ட்டு வேண்டிக்கெடக்கு? சளிக்குத் திங்குறதெல்லாம் ஒரு குத்தமா?" என்றாள். பின்னால் நின்ற பொம்பளைகளும், "தின்னு தாயி, ஒனக்காகப் புள்ள தன் பொட்டலத்தத் தந்திருக்கா" என்றார்கள். அக்கா என்னையே பார்த்தாள். அவ்வளவு கூழையும் கடலையையும் வாங்கித் தின்ற கை. எப்படி மறுக்கும்? தூளை வாயில் கொட்டிக்கொண்டு, என் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். "கூடவே வச்சுக்கோ. ஓடுற அன்னைக்குக் காலையில ஒண்ணு போட்டுக்கோ, நெஞ்சு லேசாயிரும்" என்று அம்மா சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அவள் ஓட வந்தாள். அதற்கடுத்த நாள் பாலத்தில் வேனை முந்தினாள். பொட்டலம் இல்லாமல் அந்த வாரம் முழுக்க நான் உட்கார்ந்தே தூங்கினேன். ஆனாலும் மூச்சு இழுக்க இழுக்க எனக்கு ஒரே பெருமை. நான் இழுத்துக்கொண்டிருந்தால்தான் அவள் ஓடமுடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கிளம்பிய நாளில் இருக்கன்குடி மாரியம்மன் திருநீற்றை வேன் முழுக்க ஆளாளுக்கு அவள் நெற்றியில் பூசி, பாவம், கண்ணே தெரியாமல் பண்ணிவிட்டார்கள்.

பத்தாயிரம் மீட்டரில் இரண்டாவதாக வந்தாள். பேப்பரில் கட்டைவிரல் அளவுக்குப் படம் போட்டிருந்தது. அதை வெட்டி வேனுக்குள் டிரைவருக்குப் பின்னால் ஒட்டினார்கள். "ஏட்டி, நம்ம சரக்கு ஓடியிருக்கு" என்று அம்மா என் தலையைத் தடவினாள். கம்பவுண்டருக்குக்கூட ஒரு தேங்காய், பழம் போயிற்று.

ஒன்றரை மாதம் கழித்து மகேஸ்வரி அக்கா திரும்பி வந்தாள். முந்தின நாளே அவள் அக்காள் மூலமாகச் செய்தி வந்துவிட்டது. சிறுநீர்ச் சோதனையில் தடை செய்த ஏதோ ஒன்று அகப்பட்டிருக்கிறது, பதக்கத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள், விசாரணை நடக்கப்போகிறது. அவள் வருகிற அன்று காலையிலேயே கம்பவுண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "என் பேரு வெளிய வந்துச்சுன்னா போலீசு வரும்மா. நான் பையத் தூக்கிட்டுப் போயிருவேன், எனக்கென்ன, எங்கன போனாலும் பொழச்சுக்கிருவேன். இந்தப் புள்ளைக்கு இழுத்தா நீங்க யாருகிட்டத் தூக்கிட்டு ஓடுவீக? அதை மட்டும் ரோசன பண்ணிக்கோங்க" என்றார். மிரட்டுகிற குரலே இல்லை. என் உப்பிய கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் அடுத்தடுத்து எந்தெந்த வீட்டுக்குப் போனார் என்று எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா மத்தியானம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பொம்பளைகள் எல்லோரும் தெருவில்தான் இருந்தார்கள். கையில் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருந்தாள், எழுதி முடித்து, கையெழுத்துப் போட இடம் மட்டும் விட்ட தாள். "அந்தப் பொட்டலத்த நீங்க குடுத்தீகன்னு மட்டும் எழுதியிருக்கேன்க்கா. எனக்குச் சளி, அதனால குடுத்தீக, தெரியாமக் குடுத்தீக. அம்புட்டுத்தான். அது எப்படி என் உடம்புக்குள்ள வந்துச்சுன்னு காட்டிட்டா கண்டிச்சு விட்டுருவாக. காட்டலன்னா ரெண்டு வருசம் தடை. வேலை போயிரும்க்கா. கம்பவுண்டர் பேர நான் எழுதவே இல்ல, பாருங்க" என்று தாளை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. "எங்கன வாங்குனீகன்னு கேட்டா என்ன தாயி சொல்லுவோம்?" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்க உனக்குக் கூழு குடுத்தோம், கடல குடுத்தோம். பொட்டலம் எதுவும் குடுத்ததா எனக்கு நெனவில்ல" என்றாள். அக்கா ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். தன் கையெழுத்தைச் சுருக்குப்பையில் வைத்திருந்த ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்தி எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் அவள் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "பாப்பா, நீ சொல்லு. நீதான என் கையில குடுத்த?"

நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா கண்ணில் தண்ணீர் நின்றது. தலை மட்டும் ஒரு தடவை, லேசாக, இல்லை என்று அசைந்தது.

"இல்லக்கா. நான் ஒண்ணும் குடுக்கல."

என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. குரல் நடுங்கக்கூட இல்லை. அக்கா தாளை நாலாக மடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "சரி பாப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து, வெயிலில் நடந்து போனாள்.

தடை வந்தது, வேலை போயிற்று. இதற்குப் பிறகு நடந்தது அதைவிட மோசம். ஒரு மாதத்துக்குள் எங்கள் வேன் தன் பொய்யைத் தானே நம்பத் தொடங்கிவிட்டது. "என்னத்தையோ தின்னுட்டுத்தான் அந்த ஓட்டம் ஓடியிருக்கா" என்றாள் ஒருத்தி. "இல்லன்னா பொம்பளப் புள்ள வேனை முந்துமா?" என்றாள் இன்னொருத்தி. டிரைவர் அண்ணாச்சி மட்டும், "வாயக் கழுவுங்கத்தா" என்று முன்னாலிருந்து ஒரு தடவை கத்தினார். பேப்பர் படத்தைக் கிழித்ததும் அவர்தான். அதைத் தினமும் பார்க்க முடியவில்லை என்றாராம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். என் பொட்டலம் மட்டும் வாரம் தவறாமல் வந்தது.

அடுத்த தீபாவளிச் சீசனுக்கு மகேஸ்வரி அக்கா பட்டாசு வேலைக்கு வந்துவிட்டாள். எங்கள் வேனில் ஏறவில்லை. வேறொரு கம்பெனி வேன், எங்களுக்குக் கால் மணி முந்திப் போகிற வேன். ஸ்டாப் ஒன்றுதான். எங்கள் பொம்பளைகள் நிற்கிற இடத்துக்கு அவள் முதுகைக் காட்டி நிற்பாள். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மருந்தாளுநர் படிப்புக்கு மதுரைக்குப் போனேன். இழுப்புக்காரி ஆயிற்றே, மாத்திரைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றி வகுப்பு. மூச்சு சட்டென்று திறக்கும், பசி எடுக்கும், தொடர்ந்து தின்றால் முகம் உருண்டையாக உப்பும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே வந்து, விளையாட்டு வீரர்கள் போட்டி நேரத்தில் தின்னக்கூடாத மாத்திரை இது என்றும் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். கம்பவுண்டர் அப்போது செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா இருந்தாள். அவள் இருக்கிறவரை நான் வாய் திறக்கவில்லை. இது எனக்குச் சாக்கு ஆகாது என்று தெரியும்.

அம்மா போய் இரண்டு வருடம் கழித்து, போன வருடம், மகேஸ்வரி அக்கா சிவகாசியில் இருப்பதாக விசாரித்து அறிந்து பஸ் ஏறினேன். நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடை மட்டும் மாறவில்லை, முன்பாதத்தை ஊன்றி நடக்கிறாள். நடந்ததையெல்லாம் எழுதி, கையெழுத்திட்டு, என் மருந்தாளுநர் பதிவு எண்ணையும் போட்டு ஒரு தாள் கொண்டுபோயிருந்தேன். நின்றுகொண்டே கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இத யாருகிட்டக் குடுக்க?" என்றாள்.

"அப்ப நான் சின்னப் புள்ளக்கா" என்றேன். அந்தச் சொல்லை எத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேனோ.

"சின்னப் புள்ளதான். ஆனா உங்க அம்மா மொகத்தப் பாத்துட்டுத்தான சொன்ன? தெரிஞ்சுதான் சொன்ன. அம்புட்டுப் பேர்ல நீ ஒருத்தி சொல்லியிருந்தாப் போதும் எனக்கு." குரலில் கோபம் இல்லை. கணக்குப் போட்டு முடித்து வெகு நாளாகிவிட்ட குரல். தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "பஸ்ஸுல வந்துருப்ப. சாப்பிட்டுட்டுப் போ. ரசம் இருக்கு" என்றாள். சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று இரண்டு தடவை கேட்டாள். மன்னிப்பை அவள் தரவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

எங்கள் ஸ்டாப்பில் இப்போது கம்பெனி வேன் நிற்பதில்லை. அந்தக் கம்பெனியைப் பூட்டி வெகு காலமாயிற்று. ஓடைப் பாலத்தை இடித்து அகலமாகக் கட்டியிருக்கிறார்கள். கம்பவுண்டர் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. வேனில் இருந்த முப்பது பேரில் பாதிப் பேர் இல்லை, இருக்கிறவர்களுக்கு நினைவில்லை, அல்லது நினைவில்லை என்கிறார்கள். மகேஸ்வரி என்ற பெயரை இணையத்தில் தேடினால் மட்டும் இன்றைக்கும் தடை செய்யப்பட்டவள் என்றுதான் வருகிறது. அவள் வாங்கிக்கொள்ளாத தாளை நான் வேறு யாரிடம் கொடுப்பது? வாசிக்கிற உங்களிடம் கொடுக்கிறேன். ஐந்து பொட்டலங்களையும் அவள் கையில் கொடுத்தது நான். என்ன மாத்திரை என்று அவள் கேட்டாள். ஒன்றும் செய்யாது என்று நான்தான் சொன்னேன்.